பார்டர்ல போனைக் கேட்டா குடுக்கணுமா? வாசகர் கேள்வி பதில்

கொஞ்ச நாளா நமக்கு வர்ற கேள்விகள்ல அமெரிக்கா பார்டர் பத்தினதுதான் அதிகம். பிள்ளைங்களை அங்க அனுப்பிட்டு இங்க உக்காந்திருக்கிற பெத்தவங்க, அங்கேயே குடும்பமா இருக்கிறவங்க, நியூஸ்ல துப்பாக்கிச் சூடு பாத்துட்டு மனசு கேக்காம எழுதுறவங்கன்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க. அதனால இந்த வாரம் முழுக்க அதுதான். நான் சொல்றது பொதுவான விளக்கம், உங்க சொந்த விஷயத்துக்கு அங்க இருக்கிற இமிக்ரேஷன் வக்கீலைத்தான் பாக்கணும்.

கேள்வி: என் பையன் டல்லாஸ்ல வேலை பாக்கிறான், எச்1பி விசா. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்துட்டு தை மாசம் திரும்பிப் போகணும். ஏர்போர்ட்ல போனை வாங்கி வாட்ஸப் மெசேஜ் எல்லாம் படிக்கிறாங்கன்னு சொல்றாங்க. குடுக்க மாட்டேன்னு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கா?
– ஒரு அம்மா, மதுரை

பதில்: அம்மா, முதல்ல ஒரு கணக்கு சொல்லிடறேன். 2024 நிதியாண்டுல அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை, அதாவது சிபிபி, சோதனை போட்ட போன் லேப்டாப் எல்லாம் சேத்து 47,000த்துக்கு மேல. அந்த வருஷம் உள்ள வந்தவங்க 40 கோடிக்கு மேல. ஏறக்குறைய பத்தாயிரம் பேருக்கு ஒருத்தர்னு வருது. ஆனா அந்த ஒருத்தர் நம்ம பிள்ளையா இருந்தா இந்தக் கணக்குல ஒரு ஆறுதலும் கிடையாது, அதனால சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

அமெரிக்க அரசியல் சட்டத்துல 1791ல சேத்த நாலாவது திருத்தம்னு ஒண்ணு இருக்கு. நியாயம் இல்லாம யாரையும் சோதனை போடக்கூடாது, பிடிச்சு வைக்கக்கூடாது, வாரண்ட் வேணும்னா வலுவான முகாந்திரம் காட்டணும்னு சொல்லுது. வீட்டுக்குள்ள போலீஸ் நுழையணும்னா பெரும்பாலும் வாரண்ட் கேக்கிறது இதனாலதான். ஆனா பார்டர்ல இது ரொம்ப இளகிப் போகுது. அந்தத் திருத்தத்தை எழுதி அனுப்பின அதே முதல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம்தான் 1789ல சுங்க அதிகாரிங்க வாரண்ட் இல்லாம கப்பல்ல ஏறி சோதனை போடலாம்னும் சட்டம் போட்டுச்சு. அதனால நாட்டுக்குள்ள வர்ற இடத்துல நடக்கிற சோதனை, அந்த இடத்துல நடக்குதுங்கிற ஒரே காரணத்தாலயே நியாயமானதுதான்னு 1977ல ராம்சி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வெளிநாட்டு பிளைட் வந்து இறங்குற ஏர்போர்ட்டும் பார்டர் கணக்குதான், அது டல்லாஸ் மாதிரி நாட்டுக்கு நடுவுல இருந்தாலும் சரி.

அதுக்காக என்ன வேணா செய்யலாம்னு அர்த்தம் இல்ல. பெட்டியைக் கிளறலாம், காரோட பெட்ரோல் டேங்கையே கழட்டிப் பாக்கலாம் (2004ல ஒரு கேஸ்ல அப்படித்தான் 37 கிலோ கஞ்சா எடுத்தாங்க, கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு), இதுக்கெல்லாம் சந்தேகமே தேவையில்ல. ஆனா மனுஷ உடம்புன்னு வர்றப்ப தராசு மாறுது. 1983ல கொலம்பியாவோட போகோட்டாவுல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்த ஒரு பொண்ணை வயித்துல போதைப்பொருள் வச்சிருக்குன்னு 16 மணி நேரம் உக்கார வச்சாங்க, கடைசியில 88 சின்ன பலூன் கோகெயின் வெளிய வந்துச்சு. 1985ல சுப்ரீம் கோர்ட் பிடிச்சு வச்சது சரிதான்னு சொன்னாலும், இந்த மாதிரி செய்யணும்னா அந்த ஆள் மேல குறிப்பான நியாயமான சந்தேகம் இருக்கணும்னு கோடு போட்டுச்சு.

இப்ப போனுக்கு வருவோம். போன்ங்கிறது பெட்டியா, இல்ல உடம்பு மாதிரி அந்தரங்கமானதா? சுப்ரீம் கோர்ட் இன்னும் நேரடியா பதில் சொல்லல. உள்நாட்டுல ஒருத்தரை கைது பண்ணினாக்கூட போனைத் திறக்க வாரண்ட் வேணும்னு 2014ல ரைலி வழக்குல ஒரே குரல்ல சொன்ன கோர்ட்தான், பார்டர் விஷயத்துல மட்டும் வாயைத் திறக்கல. அதனால கீழ்க் கோர்ட்டுங்க ஆளுக்கு ஒரு பக்கம் நிக்குது. மயாமி பக்கத்து அப்பீல் கோர்ட் எவ்வளவு ஆழமா தோண்டினாலும் சந்தேகம் தேவையில்லங்குது, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து கோர்ட் மெஷின் மாட்டி முழுசா காப்பி எடுக்கணும்னா நியாயமான சந்தேகம் வேணும்ங்குது, பாஸ்டன் பக்கத்து கோர்ட் கையால புரட்டிப் பாக்கிறதுக்கு ஒண்ணும் வேண்டாம்னு 2021ல சொல்லுச்சு. எந்த ஊர்ல இறங்குறோம்ங்கிறதை வச்சு உரிமை மாறுறது எனக்கு சுத்தமா சரியா படல, ஆனா இன்னிக்கு நிலைமை அதுதான்.

2016ல மெக்சிகோவோட டிஹுவானாவுல இருந்து கார்ல வந்த ஒருத்தர் ஸ்டெப்னி டயருக்குள்ள 14 கிலோ கோகெயினோட மாட்டினார். அதிகாரிங்க அவர் போனை வாங்கிப் பாத்து, நம்பர்களைப் பேப்பர்ல எழுதி, மெசேஜை போட்டோ எடுத்து, அப்புறம் மெஷின்ல போட்டு டவுன்லோடும் பண்ணிட்டாங்க. பார்டர் சோதனைங்கிறது போனுக்குள்ள சட்டவிரோதமான சமாச்சாரம் இருக்கான்னு தேடத்தான், குற்றத்துக்கு ஆதாரம் சேக்க இல்லன்னு சொல்லி 2019ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து அப்பீல் கோர்ட் அவருக்கு குடுத்த தண்டனையை ரத்து பண்ணிடுச்சு. டயருக்குள்ள சரக்கு நிஜமாவே இருந்துச்சு, அப்படி இருந்தும்!

உங்க பையனுக்கு நடைமுறையில என்னன்னா, சிபிபியோட 2018 விதிப்படி போன்ல ஏற்கனவே இருக்கிறதை மட்டும்தான் பாக்கலாம், நெட்டுல இருக்கிறதை இழுத்துப் பாக்கக்கூடாது, அதனால ஏர்பிளேன் மோட்ல போட்டுத்தான் பாக்கணும். மெஷின் மாட்டி எடுக்கணும்னா நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ இருக்கணும், மேலதிகாரி ஒப்புதலும் வேணும். போனை வச்சுக்கிட்டா ரசீது குடுக்கணும், கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. பாஸ்வேர்ட் குடுக்கலன்னா என்ன ஆகும்ங்கிறது ஆளைப் பொறுத்தது. அமெரிக்க சிட்டிசனை உள்ள விடாம இருக்க முடியாது, மிஞ்சிப்போனா மணிக்கணக்குல உக்கார வச்சு போனைப் பிடிச்சு வைப்பாங்க. கிரீன் கார்டு இருந்தா இமிக்ரேஷன் ஜட்ஜ் முன்னாடி நிறுத்தாம அதைப் பிடுங்க முடியாது, அதனாலதான் ஐ-407 ஃபாரத்துல மட்டும் அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்கன்னு எல்லா வக்கீலும் சொல்றாங்க, அதுல போட்டா நாமளே கார்டை திருப்பிக் குடுத்ததா ஆயிடும். எச்1பிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, மறுத்தா அடுத்த பிளைட்லயே திருப்பி அனுப்பலாம். அதனால அம்மா, உரிமைன்னு வாதாடுறதை விட தேவையில்லாத சமாச்சாரத்தை போன்ல வச்சுக்காம போறதும், இறங்குறதுக்கு முன்னாடி போனை முழுசா ஆஃப் பண்ணி வைக்கிறதும்தான் அவனுக்கு நல்லது.

கேள்வி: ஹூஸ்டன்ல இருக்கோம். ஸ்ப்ரிங் லீவுக்கு பீச்சுக்கு போயிட்டு வடக்க திரும்பி வர்ற வழியில, பார்டரைத் தாண்டவே இல்ல, ஹைவேலேயே ஒரு செக்பாயிண்ட். சிட்டிசனான்னு கேட்டாங்க, நாய் காரைச் சுத்தி வந்துச்சு, டிக்கியைத் திறக்கச் சொன்னாங்க, குழந்தைங்க பயந்துடுச்சுன்னு திறந்துட்டோம். திறந்திருக்கணுமா அண்ணா?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: திறக்கணும்னு கட்டாயம் இருந்திருக்காதும்மா, நாய் மோப்பம் பிடிச்சு காட்டிக் குடுக்கலன்னா.

இந்த ரோட்டு செக்பாயிண்ட் எல்லாம் 1976ல வந்த மார்ட்டினெஸ் ஃபுவெர்ட்டே வழக்கை நம்பித்தான் ஓடுது. கலிபோர்னியாவுல சான் கிளெமெண்டே, பார்டர்ல இருந்து 66 மைல் தள்ளி, ஐ-5 ரோட்டுல. அங்க ஒரு சந்தேகமும் இல்லாமலே எல்லா வண்டியையும் நிறுத்தி ஒண்ணு ரெண்டு கேள்வி கேக்கலாம்னு கோர்ட் அனுமதிச்சுச்சு. ஆனா நிறுத்துறது வேற, சோதனை வேற. அதுக்கு முந்தின வருஷமே ஓர்ட்டிஸ் வழக்குல, செக்பாயிண்ட்ல காரைச் சோதனை போடணும்னா நீங்க சம்மதிக்கணும் இல்லன்னா வலுவான முகாந்திரம் இருக்கணும்னு சொல்லியாச்சு. நாய் வெளிய சுத்தி மோந்து பாக்கிறதை கோர்ட்டுங்க சோதனைன்னே எடுத்துக்கிறது இல்ல, அது நின்னு காட்டிக் குடுத்துட்டா அதுவே முகாந்திரம் ஆயிடும். நீங்க சொன்னதுல நாய் சும்மா சுத்தி வந்துச்சுன்னுதான் இருக்கு. அப்ப, "சோதனைக்கு நான் சம்மதிக்கல, நாங்க கிளம்பலாமா?" அப்படின்னு மரியாதையா, சத்தம் போடாம கேட்டிருக்கலாம். கையை ஸ்டீரிங் மேல வச்சுக்கிட்டு கேளுங்க. திறங்கன்னு சொன்னவங்களுக்கு திறந்து குடுத்தா சட்டம் அதை சம்மதம்னுதான் பெரும்பாலும் எடுத்துக்கும்.

செக்பாயிண்ட் இல்லாம சும்மா ரோந்து போற பார்டர் பேட்ரோல் வண்டிக்கு இன்னும் கட்டுப்பாடு அதிகம். 1973ல தீர்ப்பு வந்த ஒரு வழக்கு. அல்மெய்டா சான்செஸ்னு ஒருத்தர், மெக்சிகோகாரர், சட்டப்படி வேலை பர்மிட் வச்சிருந்தவர், பார்டர்ல இருந்து 25 மைல் தள்ளிப் போயிட்டிருந்தப்ப நிறுத்தி கார் சீட்டுக்கு அடியில வரைக்கும் தேடி கஞ்சா எடுத்தாங்க. அந்த ரோடு பார்டரைத் தொடவே தொடாத ரோடு. வாரண்டும் இல்ல முகாந்திரமும் இல்ல, அதனால செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் அஞ்சுக்கு நாலுன்னு சொல்லுச்சு. சட்டப் புத்தகத்துல "பார்டர்ல இருந்து நியாயமான தூரம்"னு இருக்கிறதை அரசாங்கம் 1953ல இருந்து 100 மைல்னு விதி போட்டு வச்சிருக்கு. கடற்கரையும் பார்டர் கணக்குல வர்றதால நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் எல்லாமே அந்த வளையத்துக்குள்ளதான், நாட்டு மக்கள்ல மூணுல ரெண்டு பங்கு உள்ள வந்துடறாங்க. 25 மைலுக்குள்ள தனியார் நிலத்துல வாரண்ட் இல்லாம நடமாடலாம், ஆனா வீட்டுக்குள்ள நுழைய முடியாது. 100 மைலுக்குள்ள இருந்தா அரசியல் சட்டமே செல்லாதுன்னு வாட்ஸப்ல ஒண்ணு சுத்துது, அது சுத்தப் பொய், யாரும் நம்பாதீங்க.

ஒண்ணு முக்கியம். சிட்டிசன் இல்லாத, 18 வயசு தாண்டின எல்லாரும் தங்களோட பதிவு ஆவணத்தை, கிரீன் கார்டோ ஐ-94ஓ (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு), எப்பவும் கையில வச்சிருக்கணும்னு சட்டம் இருக்கு. பீச்சுக்கு போறோம்னு பாஸ்போர்ட்டை வீட்லயே வச்சுட்டு போறாங்க நம்ம ஆளுங்க, அது வேண்டாம்.

கேள்வி: நிறத்தையும் பேச்சையும் பாத்து நிறுத்தலாமா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: நிறத்தை மட்டும் வச்சு கூடாதுன்னு 1975 பிரிக்னோனி போன்ஸே வழக்கு. அதே சான் கிளெமெண்டே பக்கம்தான், ராத்திரி ரோட்டோரமா உக்காந்திருந்த ரெண்டு பேட்ரோல் அதிகாரிங்க, கார்ல போன மூணு பேர் மெக்சிகோகாரங்க மாதிரி தெரிஞ்சாங்கங்கிற ஒரே காரணத்துக்காக துரத்திப் பிடிச்சாங்க. கூடாதுன்னு கோர்ட் சொல்லுச்சு. ஆனா அதே தீர்ப்புல, மத்த காரணங்களோட சேத்து தோற்றத்தையும் ஒரு காரணமா எடுத்துக்கலாம்னு ஒரு வரியை விட்டு வச்சாங்க பாருங்க, அந்த ஒரு வரிதான் 50 வருஷமா குடையுது.

2025 ஜூலைல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ், இனம், ஸ்பானிஷ்லயோ அழுத்தமான இங்கிலீஷ்லயோ பேசுறது, நிக்கிற இடம், பாக்கிற வேலை, இந்த நாலை மட்டும் வச்சு ரோந்துப் படை யாரையும் நிறுத்தக்கூடாதுன்னு தடை போட்டார். செப்டம்பர் 8ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வச்சிடுச்சு, ஏன்னு மெஜாரிட்டி ஒரு பக்கம்கூட எழுதல. மூணு ஜட்ஜுங்க எதிர்த்தாங்க, அதுல ஒருத்தரான சோட்டோமேயர் ரொம்ப கோபமாவே எழுதியிருக்காங்க. காலையில கார் கழுவுற கடைக்கு வேலைக்கு போறவனும் பஸ் ஸ்டாப்ல நிக்கிறவனும் தான் சிட்டிசன்னு ரோட்டுல நிரூபிச்சுக்கிட்டு நிக்கணும்னா, என்னால அதை எந்த வகையிலயும் ஏத்துக்க முடியல.

கேள்வி: பஸ்ல போறப்ப மேல வச்சிருக்கிற பையைத் தொட்டுப் பாக்கலாமா?
– கல்லூரி மாணவர், அரிசோனா

பதில்: தம்பி, தொட்டுப் பாக்கிறது வேற, அமுக்கிப் பிசைஞ்சு பாக்கிறது வேற. டெக்சாஸ்ல சியெரா பிளாங்காங்கிற ஊர் செக்பாயிண்ட்ல ஒரு பார்டர் அதிகாரி கிரேஹவுண்ட் பஸ்ல ஏறி, எல்லார் பேப்பரும் பாத்து முடிச்சுட்டு, இறங்கிப் போறப்ப மேல இருந்த பைகளை ஒண்ணொண்ணா அமுக்கிக்கிட்டே வந்தார், ஒண்ணுல செங்கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டுச்சு, உள்ள போதை மருந்து. 2000ல பாண்ட் வழக்குல ஏழுக்கு ரெண்டுன்னு அது செல்லாதுன்னு தீர்ப்பு. பஸ்ல பையை யாராவது நகர்த்துவாங்கன்னு பயணி எதிர்பார்ப்பான், உள்ள என்ன இருக்குன்னு தடவிப் பாப்பாங்கன்னு எதிர்பார்க்க மாட்டான்னு சொன்னாங்க.

கேள்வி: கல்லெறிஞ்சாங்கன்னு சொல்லி பார்டர்ல சின்னப் பசங்களைக்கூட சுட்டுட்டாங்கன்னு படிச்சேன். சுடுறதுக்கு அரசியல் சட்டத்துல வரம்பே கிடையாதா? அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனை?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை

பதில்: வரம்பு இருக்கு ஐயா. ஆனா அந்த வரம்பைத் தாண்டினவனைக் கேள்வி கேக்க வழி இருக்கான்னு கேட்டீங்கன்னா, அங்கதான் எனக்கு மனசு கொதிக்குது, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போறேன்.

அமெரிக்காவுல துப்பாக்கியால சுடுறதையும் ஒரு ஆளைப் "பிடிக்கிறது"ன்னுதான் சட்டம் பாக்குது, அதனால அதுவும் நாலாவது திருத்தத்துக்குள்ள வருது. 1974ல மெம்ஃபிஸ்ல வீடு புகுந்து திருடிட்டு வேலி ஏறி ஓடின 15 வயசுப் பையனை, கையில ஆயுதம் இல்லன்னு ஏறக்குறைய தெரிஞ்சும் போலீஸ் பின்னந்தலையில சுட்டுது. அந்த கேஸ்ல 1985ல சுப்ரீம் கோர்ட், ஓடுறான்ங்கிறதுக்காக மட்டும் சுடக்கூடாது, அவனால உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்துன்னு நம்ப காரணம் இருக்கணும்னு சொல்லுச்சு. 1989ல கிரஹாம் வழக்கு வந்து, அந்த இடத்துல நிக்கிற ஒரு நியாயமான அதிகாரி பார்வையில சரியான்னு பாக்கணும்னு அளவுகோல் குடுத்துச்சு. பார்டர் பேட்ரோலுக்கு தனியா ஃபெடரல் விதியும் இருக்கு, உடனடி மரணமோ பெரிய காயமோ வரும்னு நம்ப நியாயமான காரணம் இருந்தாத்தான் உயிர் போற அளவு பலம் காட்டலாம்னு. எழுத்துல இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப 2010 ஜூன் 7க்கு வாங்க. எல் பாசோவுக்கும் மெக்சிகோவோட ஹுவாரெஸுக்கும் நடுவுல பாலத்துக்கு அடியில காங்கிரீட் போட்ட கால்வாய், கண்ணுக்குத் தெரியாத கோடுதான் அங்க எல்லை. செர்ஹியோ ஹெர்னாண்டெஸ்னு 15 வயசுப் பையன், கூட்டாளிங்களோட சேந்து அமெரிக்கா பக்க வேலியைத் தொட்டுட்டு திரும்பி ஓடி விளையாடிக்கிட்டு இருந்தான்னு பெத்தவங்க கோர்ட்ல சொன்னாங்க. அதிகாரியோ கல்லெறிஞ்சாங்கன்னார். பையன் ஓடி மெக்சிகோ மண்ணுக்குப் போயிட்டான், அதிகாரி அமெரிக்க மண்ணுல நின்னுக்கிட்டே சுட்டார், முகத்துல குண்டு பாஞ்சு செத்துட்டான். அமெரிக்க அரசு 2012ல குற்ற வழக்கு போட மாட்டேன்னு சொல்லிடுச்சு, மெக்சிகோ அந்த அதிகாரியை ஒப்படைக்கக் கேட்டதுக்கும் மறுத்துடுச்சு. பெத்தவங்க நஷ்டஈடு கேட்டு போட்ட வழக்கு பத்து வருஷம் ஏறி இறங்கி 2020ல அஞ்சுக்கு நாலுன்னு தோத்துப் போச்சு. அந்தப் பையனுக்கு நாலாவது திருத்தம் பொருந்துமா பொருந்தாதான்னு கோர்ட் முடிவே பண்ணல. பொருந்தினாலும் சரி, எல்லை தாண்டி நடந்த இந்த மாதிரி விஷயத்துல அதிகாரி மேல நஷ்டஈடு வழக்கு போட நாங்க வழி விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

அதே மாதிரி 2012 அக்டோபர்ல நோகாலெஸ். அங்க ஒரே பேர்ல ரெண்டு ஊர், நடுவுல இரும்புக் கம்பி வேலி, அமெரிக்கா பக்கம் மேடு, மெக்சிகோ பக்கம் தெரு பள்ளத்துல. மேல நின்ன அதிகாரி கம்பி இடுக்கு வழியா 16 ரவுண்டு சுட்டார். 16 வயசு ஹோசே அந்தோனியோவோட முதுகுலயும் தலையிலயும் பத்து குண்டு வாக்குல பாஞ்சிருந்துச்சு. இந்த அதிகாரி மேல கொலை வழக்கே போட்டாங்க, அபூர்வமான விஷயம் அது. 2018ல ரெண்டு தடவை விசாரணை நடந்தும் ஜூரி தண்டிக்கல. குடும்பம் போட்ட சிவில் வழக்கும் ஹெர்னாண்டெஸ் தீர்ப்போட முடிஞ்சு போச்சு.

உள்நாட்டு போலீஸ் வரம்பு மீறினா சிவில் ரைட்ஸ் சட்டப்படி வழக்கு போடலாம். ஃபெடரல் அதிகாரிங்களுக்கு அப்படி ஒரு சட்டத்தை காங்கிரஸ் எழுதவே இல்ல. 1971ல பிவென்ஸ் வழக்குல கோர்ட்டே ஒரு கதவைத் திறந்து விட்டுச்சு, அப்புறம் வருஷா வருஷம் அதை மூடிக்கிட்டே வந்து, 2022ல எக்பர்ட் வழக்குல பார்டர் அதிகாரிங்க விஷயத்துல தாழ்ப்பாளும் போட்டாச்சு. அந்த வழக்குல பாதிக்கப்பட்டது மெக்சிகோகாரர் இல்ல, வாஷிங்டன் மாநிலத்துல கனடா பார்டர் ஓரமா லாட்ஜ் நடத்துற அமெரிக்க சிட்டிசன். தன் சொந்த வாசல்ல, தன் விருந்தாளியைப் பத்திக் கேக்க வந்த அதிகாரி தன்னைத் தள்ளி விட்டுட்டார்னு போட்ட கேஸ். அவருக்கே கதவு இல்லைன்னா வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிற அம்மாவுக்கு என்ன இருக்கும்? சட்டத்துல உரிமைன்னு எழுதி வச்சுட்டு, அது மீறப்பட்டா எங்க போய் நிக்கணும்னு ஒரு படியைக்கூட விட்டு வைக்கலன்னா, சுடுறவன் கையைத் தடுக்கிறது எது?

ஓரளவு தடுத்தது வெளியாட்கள் போட்ட சத்தம்தான். சிபிபியே கேட்டு ஒரு போலீஸ் ஆய்வு அமைப்பு 67 துப்பாக்கிச் சூடுகளை எடுத்துப் பாத்து 2013ல அறிக்கை குடுத்துச்சு. சில அதிகாரிங்க வேணும்னே ஓடுற வண்டிக்கு குறுக்க போய் நின்னுக்கிட்டு அப்புறம் உயிருக்கு ஆபத்துன்னு சுட்டிருக்காங்க, கல்லெறியிறப்ப நகந்து போயிருக்க முடிஞ்சும் சுட்டிருக்காங்கன்னு அதுல இருந்துச்சு. முதல்ல ஏத்துக்கல, 2014 மார்ச்லதான் பேட்ரோல் தலைவர் உத்தரவு போட்டார், வண்டிக்கு குறுக்க நிக்காதே, கல்லெறியிற இடத்துல இருந்து முடிஞ்சா விலகுன்னு. 2025 மே மாசம் பார்ன்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட், சுட்ட அந்த ரெண்டு நொடியை மட்டும் பாக்காம அதுக்கு முன்னாடி நடந்ததையும் சேத்துத்தான் எடை போடணும்னு ஒரே குரல்ல சொல்லியிருக்கு. அது டெக்சாஸ்ல டிராஃபிக் போலீஸ் கேஸ்தான், ஆனா நாலாவது திருத்தம் எல்லாருக்கும் ஒண்ணுதான்ங்கிறதால பார்டருக்கும் பொருந்தும்.

கேள்வி: எங்கட ஆள் ஒராள் கலிபோர்னியா எல்லையில பிடிபட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மட்டும் போய் தோத்தது எண்டு கனடாவில கதைக்கினம். அது உண்மையோ? என்ன நடந்தது?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: உண்மைதான் அண்ணை. துரைசிங்கம் வழக்குன்னு சொல்வாங்க. இலங்கைத் தமிழர், 2017ல சான் இசிட்ரோ பக்கம் உள்ள வந்து எல்லையில இருந்து 25 கஜத்துல பிடிபட்டார். ஊர்ல தன்னை வேன்ல ஏத்திக்கொண்டு போய் அடிச்சாங்கன்னு சொன்னார், விசாரிச்ச அதிகாரி அதை நம்பினாலும் அது அடைக்கல சட்டம் சொல்ற காரணத்துக்குள்ள வரலன்னு தள்ளிட்டாங்க. முழு விசாரணை இல்லாம வேகமா திருப்பி அனுப்புற அந்த முறையையே எதிர்த்து வழக்கு போட்டார். 2019ல அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சார், 2020 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்ல ஏழுக்கு ரெண்டுன்னு தோத்தார். 25 கஜம் உள்ள வந்திருந்தாலும் வாசப்படியில நிக்கிற ஆளாத்தான் கணக்கு, காங்கிரஸ் குடுத்ததுக்கு மேல கேக்க அரசியல் சட்ட உரிமை இல்லன்னாங்க. தமிழரை வெள்ளை வேன்ல தூக்கினதுன்னா என்ன அர்த்தம்னு நம்ம தெருவுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதை ஒரு ஜட்ஜ் முன்னாடி நிதானமா சொல்ல அவருக்கு ஒரு நாள் கிடைச்சிருக்கணும்.

கேள்வி: வழக்கே போட முடியாதுன்னா பாதிக்கப்பட்டவங்க சும்மா இருக்க வேண்டியதுதானா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: இல்லம்மா, அதிகாரி மேல போட முடியலன்னாலும் அரசாங்கத்து மேல போட ஒரு வழி இருக்கு, 1946ல வந்த ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டம். நடந்த ரெண்டு வருஷத்துக்குள்ள முதல்ல அந்தத் துறைக்கே தொகை போட்டு எழுதிக் குடுக்கணும், ஆறு மாசத்துல பதில் இல்லன்னாலோ மறுத்தாலோ கோர்ட்டுக்குப் போகலாம். ஜூரி கிடையாது, விதிவிலக்கு ஏகப்பட்டது இருக்கு, ஆனாலும் கை குடுத்திருக்கு. 2010ல சான் இசிட்ரோவுல அடியும் டேசர்ங்கிற மின்சாரத் துப்பாக்கி ஷாக்கும் வாங்கி இறந்து போன அனஸ்தாசியோ ஹெர்னாண்டெஸ் குடும்பத்துக்கு 2017ல 10 லட்சம் டாலர் குடுத்து சமரசம் பண்ணினாங்க. உங்க மேல கிரிமினல் கேஸ் இருந்தா, சட்டத்தை மீறி எடுத்த ஆதாரத்தை ஒதுக்கச் சொல்லிக் கேக்கலாம், ஆனா நாடு கடத்துற வழக்குல அது பெரும்பாலும் எடுபடாதுன்னு 1984லயே சொல்லிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்ல தனியா கூப்பிட்டு விசாரிக்கிற செகண்டரிக்கு அனுப்புறாங்கன்னா, பேர்க் குழப்பமா இருக்கலாம், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையோட டிஎச்எஸ் டிரிப்னு ஒரு ஆன்லைன் விண்ணப்பம் இருக்கு, அதுல ஒரு நம்பர் குடுப்பாங்க, டிக்கெட் போடுறப்ப அதைச் சேத்துக்கலாம்.

கேள்வி: பார்டர் அதிகாரி ஒருத்தரை அடிக்கிறதைப் பாத்தா போன்ல வீடியோ எடுக்கலாமா, இல்ல நம்மளையும் பிடிச்சுடுவாங்களா?
– மாணவி, சான் டியாகோ

பதில்: பொது இடத்துல நின்னுக்கிட்டு, அவங்க வேலைக்கு குறுக்க போகாம எடுக்கலாம்மா. சான் டியாகோ பக்கமே நடந்த கேஸ் இருக்கு. பார்டர் கேட்டுக்கு வெளிய நின்னு படம் எடுத்த ரெண்டு பேரைப் பிடிச்சு, படத்தையெல்லாம் அழிச்சு அனுப்பினாங்க. அவங்க பேச்சுரிமைன்னு வழக்கு போட்டு, 2018ல அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் பேசி, 2020ல அரசாங்கம் சமரசத்துக்கு வந்து, கேட்டுக்கு வெளிய பொது இடத்துல இருந்து படம் எடுக்கிறதைத் தடுக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்துச்சு. இமிக்ரேஷன் வரிசை, செகண்டரி ரூம் மாதிரி உள் இடங்கள்ல இது செல்லாது, அங்க போனை எடுக்காதீங்க. விசாவுல படிக்கிற பொண்ணா இருந்தா தூரமா நில்லுங்க, பின்னாடி போகச் சொன்னா பின்னாடி போய் நின்னு எடுங்க, எடுத்ததை உடனே வேற இடத்துல சேவ் பண்ணுங்க. அனஸ்தாசியோ முரண்டு பிடிச்சு எதிர்த்தாருன்னு அதிகாரிங்க சொல்லிக்கிட்டு இருந்தப்ப, அவர் தரையில கிடக்க சுத்தி நின்னு ஷாக் குடுத்தது அந்த வழியா நடந்து போனவங்க போன்ல பதிவாகியிருந்துச்சு, 2012ல டிவியில அது வந்த பிறகுதான் குற்றம் சாட்டலாமான்னு முடிவு பண்ற ஃபெடரல் கிராண்ட் ஜூரி விசாரணையே ஆரம்பிச்சாங்க.